தகரப்பேணி

காலை ஐந்தரைக்கு வந்தது கோதுமைக் கப்பல்.
சீனக்குடாப் புறாக்களுக்கு எங்களுக்கு முதலே தெரிந்திருந்தது.
கயிற்றேணியில் ஏறினோம்: நான், வீரக்கொடி,
குடிவரவிலிருந்து ஒருவர்,
கோப்பு நனையாமல் வயிற்றோடு அணைத்தபடி
கப்பல் முகவர் ஹில்மி.
இருபத்திரண்டு கடவுச்சீட்டு, இருபத்திரண்டு முகம்,
பூட்டி முத்திரை வைத்த சிகரெட் அலுமாரி,
கப்பித்தான் தந்த, இனிப்புக் கூடிய கோப்பி.
ஏழே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது.
முப்பத்தெட்டாயிரம் தொன்
ஒரு கையெழுத்தில் நாட்டுக்குள் வந்தது.

பகலைத் தின்றது பாய்ப்படகுதான்.

ஒரே ஆள். றியூனியன் தீவு. வயது அறுபத்தொன்று.
முப்பத்திரண்டு நாள் கடலில்.
கடவுச்சீட்டில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில்
நீண்டு கிடந்த பெயரை
முத்துசாமி என்று வாசித்தேன்.
"மூத்தூசமி" என்று திருத்தினார், மரியாதையாக.
தமிழ் தெரியாது.
ஆங்கிலம் அரைகுறை. என்னுடையதும் அப்படித்தான்.

ஆயுதம்?
ஆபத்துச் சமிக்ஞைத் துப்பாக்கி ஒன்று.
மது?
மூன்று போத்தல் ரம், அதில் ஒன்று பாதி.
பணம்?
சிரித்தார்.
மோப்பநாய் படுக்கையை முகர்ந்தது,
கயிற்றுச் சுருளை முகர்ந்தது,
அடுப்படிக்குப் போய் ஒரு தும்மல் போட்டது.

அங்கே, அலைக்கு ஆடாமல்
நாலு பக்கமும் கயிறு கட்டிய பால்மாப் பேணி.
பேணிக்குள் எரிமலைக் கறுப்பில் மண்.
மண்ணில் முழங்கை உயரக் கன்று.
"காலுப்பிலே" என்றார்.
வீரக்கொடி எட்டிப் பார்த்து, "கரபிஞ்சா."
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏதோ ஒரு கப்பலில், எந்தத் துறையிலிருந்தோ,
யாரும் திறந்து பார்க்காத ஒரு வாய்க்குள்
போயிருக்க வேண்டும் அந்தச் சொல்.
நடுவில் தேய்ந்து, வால் மட்டும் தப்பி,
வரி கட்டாமல் திரும்பி வந்து
என் மேசைக்கு முன்னால் நிற்கிறது.

மண் கூடாது. கன்று கூடாது.
விதிக்குக் காரணம் இருக்கிறது:
கடுகிலும் சிறிய பூச்சி, இலைக்கு அடியில்.
அது கொண்டுவரும் நோயில்
தோடையும் தேசியும் தோட்டத்தோடு போகும்.
விதி சரி.
சரியாக இருப்பதுதான் கஷ்டம்.

"இந்த ஊரில் இது இல்லையா?"
"இருக்கிறது. என் வீட்டுக் கிணற்றடியிலும்."
"அப்படியானால்?"
பூச்சியை விரலால் காட்டினேன், இவ்வளவு என்று.
நெடுநேரம் என் விரலையே பார்த்தார்.
பிறகு ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.
வயிற்றுக்குள் இருப்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

எனக்கு ஒன்பது வயது. மூதூர் இறங்குதுறை, வரிசை.
அம்மாவின் பையிலிருந்து
இரண்டு ரேடியோ பற்றரி எடுத்தார்கள்.
ஏற்கெனவே பாதி நிறைந்த பெட்டிக்குள் போட்டார்கள்.
துண்டு தரவில்லை. அம்மா கேட்கவுமில்லை.
அதனாலோ என்னவோ
நான் எதற்கும் துண்டு எழுதுவேன்.
ஒற்றை மாம்பழத்துக்கும் எழுதியிருக்கிறேன்.
வீரக்கொடிக்கு அது ஒரு பகிடி.

பொருளின் பெயர் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
கறிவேப்பிலைக் கன்று, ஒன்று.
தகரப்பேணி, ஒன்று.
மண், ஏறத்தாழ ஒரு கிலோ.
வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
"கறி, வேப், பிலை."
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்,
நடுவில் இரண்டு தரமும் வழுக்கியது.
துண்டை நாலாக மடித்துக்
கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
திருகோணமலையில் தங்க அனுமதி முப்பது நாள்.

பின்னேரம் எரியுலை.
பயிர்த் தனிமைப்படுத்தல் அலுவலர் சாட்சி.
மண்ணை வேறாகச் சூடாக்கினார்கள்.
கன்று தீக்குள் போனதும்
இறங்குதுறை எங்கும்
யாரோ தாளிக்கிற மணம்.
பாரந்தூக்கிக்காரன் கூடத் தலையை வெளியே நீட்டினான்.
வீரக்கொடி மூக்கை உயர்த்தி,
தமிழில், "பசிக்குது" என்றார்.

நேரம் எழுதினேன்:
ஐந்து இருபது.
கோதுமை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.